பறவைப் படம் எடுக்கப் புதிதாக இறங்குகிறீர்களா? எதை முதலில் செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம்

பறவைப் படம் எடுக்கத் தொடங்கிய முதல் வருடம் முழுக்க நான் வரிசையைத் தலைகீழாக வைத்திருந்தேன். முதலில் லென்ஸ் வாங்கினேன். அப்புறம் கேமராவின் அமைப்புகளைப் படித்தேன். பறவைகளைக் கவனிக்கக் கற்றுக்கொண்டது கடைசியில்தான். அந்த வருடம் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் இன்று எடுத்துப் பார்க்கும்படி இருப்பவை பத்துகூட இல்லை. பணம் போனது ஒருபுறம், "நமக்கு இது வராது" என்று விட்டுவிடும் நிலைக்கே போய்விட்டேன்.

அந்த வரிசையை நேராக்கித் தருவதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் ஏற்கெனவே கேமரா வாங்கிவிட்டிருந்தாலும் 1-ஆம் படியைத் தாண்டாதீர்கள்.

1. முதல் மாதம் எதுவும் வாங்காதீர்கள்

வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். குளம், பூங்கா, வயலோரம், மரங்கள் உள்ள தெரு என எதுவானாலும் சரி. தொலைவில் இருக்கும் பிரபலமான சரணாலயத்துக்கு வருடத்தில் இரண்டு முறை போவதைவிட, பக்கத்திலுள்ள சாதாரணக் குளத்துக்கு வாரத்தில் மூன்று முறை போவது உங்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

போகும்போது ஒரு சிறு நோட்டு கொண்டுபோங்கள். எந்தப் பறவை, எந்தக் கிளை, எத்தனை மணி, வெயில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் குறியுங்கள். இரண்டு வாரத்தில் ஒரு ஒழுங்கு தெரிய ஆரம்பிக்கும். மீன்கொத்தி மீனைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே கிளைக்கோ கம்பத்துக்கோ திரும்பி வரும். பூச்சி பிடிக்கும் பறவைகள் பலவும் அப்படித்தான், பறந்து போய்ப் பிடித்துவிட்டு உட்கார்ந்த இடத்துக்கே வரும். இது தெரிந்துவிட்டால் பறவையின் பின்னால் ஓட வேண்டாம். கிளையைக் குறிவைத்துக் காத்திருந்தால் போதும்.

இந்தக் கட்டத்தில் ஏதாவது வாங்கியே ஆக வேண்டும் என்றால் 8x42 பைனாகுலர் வாங்குங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. 42 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு, 12 மடங்கு என்று ஆசைப்பட வேண்டாம், கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். பறவையின் பெயர் தெரியாவிட்டால் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. படத்தை வைத்தும் குரலை வைத்தும் அடையாளம் சொல்லும். அதே ஆய்வகத்தின் இ-பேர்ட் தளத்தில் உங்கள் பகுதியில் எந்த மாதம் எந்தப் பறவை பதிவாகியிருக்கிறது என்று பார்க்கலாம். வலசை வரும் காலத்தை முன்கூட்டியே தெரிந்துகொள்ள அது நல்ல வழி.

2. கேமராவும் லென்ஸும்: செலவை எங்கே வைப்பது

முதலில் ஒரு கணக்கு. ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (படத்தைப் பதியும் சென்சார் 36 மிமீ அகலம் உள்ளது) 600 மிமீ லென்ஸ் (மிமீ என்பது லென்ஸின் குவியத் தூரம், அது கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும்) போட்டு 10 மீட்டர் தள்ளிப் பார்த்தால், படத்தின் அகலத்துக்குள் வருவது சுமார் 60 சென்டிமீட்டர். 15 சென்டிமீட்டர் சிட்டுக்குருவி அதில் கால் பங்கு நீளத்தைப் பிடிக்கும். அதே குருவி 20 மீட்டரில் இருந்தால் எட்டில் ஒரு பங்குதான். அதாவது, தூரத்தைப் பாதியாகக் குறைப்பதும் லென்ஸின் மிமீயை இரட்டிப்பாக்குவதும் படத்தில் பறவையின் அளவைப் பொறுத்தவரை ஒன்றுதான். முன்னதற்குக் காசு வேண்டாம். பின்னதற்குப் பல மாதச் சம்பளம் வேண்டும்.

சரி, பணம் போட முடிவு செய்துவிட்டீர்கள். மூன்று வழிகள் இருக்கின்றன.

மிகக் குறைந்த செலவில் தொடங்க, லென்ஸைக் கழற்ற முடியாத பிரிட்ஜ் கேமரா. நிக்கான் பி900 2000 மிமீக்கு இணையான தூரம் போகும், பி1000 3000 மிமீ வரை போகும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு, நல்ல வெயிலில், இவை போதும். சென்சார் சிறியது என்பதால் வெளிச்சம் குறைந்தால் படம் மணல் தெளித்ததுபோல் ஆகிவிடும். பறக்கும் பறவைக்கு ஃபோகஸ் வேகமும் போதாது.

நடுவழி, பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா) ஒன்றும் 70–300 மிமீ லென்ஸும். நான் பரிந்துரைப்பது இதைத்தான். தயாரிப்பாளர்கள் மிரர்லெஸ் (அந்தக் கண்ணாடி இல்லாத கேமரா) பக்கம் போய்விட்டதால் நல்ல டிஎஸ்எல்ஆர்கள் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கின்றன. க்ராப் சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய சென்சார்) கேமராவாக இருந்தால் 300 மிமீ லென்ஸ் ஏறத்தாழ 450 மிமீக்கு இணையான காட்சியைத் தரும்.

மூன்றாவது வழி 100–400, 150–600, 200–600 போன்ற பெரிய ஜூம். சிக்மா, டாம்ரான் நிறுவனங்களின் 150–600 லென்ஸ்களில்தான் பலரும் இந்தக் கட்டத்தைத் தொடங்குகிறார்கள். எடை 2 கிலோவை ஒட்டி இருக்கும். வாங்கும் முன் இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துத் தூக்கிப் பாருங்கள். கடையில் ஐந்து நிமிடம் கையில் வைத்துப் பார்ப்பதும், காலை மூன்று மணி நேரம் தூக்கித் திரிவதும் ஒன்றல்ல.

கையிலிருக்கும் பணத்தில் பெரும்பங்கு லென்ஸுக்கே போகட்டும். கேமரா பாடி சில வருடங்களில் பழசாகிவிடும், நல்ல லென்ஸ் நிலைத்து நிற்கும். கூடவே வரும் சில்லறைச் செலவுகளையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்: கூடுதல் பேட்டரி, மெமரி கார்டு, மழை உறை, படங்களைச் சேமிக்க இரண்டு ஹார்டு டிஸ்க், ஈரம் தாக்காமல் வைக்கக் காற்றுப் புகாத பெட்டி. இவற்றை மறந்துவிட்டு முழுப் பணத்தையும் லென்ஸில் போட்டுவிட்டு, அப்புறம் ஒரே ஒரு பேட்டரியோடு பாதிக் காலையில் வீடு திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய உண்டு.

தவிர்க்க வேண்டியவை இரண்டு. மலிவான யூவி ஃபில்டர் (லென்ஸின் முன்னால் மாட்டும் கண்ணாடி) நீளமான லென்ஸின் கூர்மையைக் கெடுக்கும். டெலிகன்வர்ட்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே போட்டுக் காட்சியைப் பெரிதாக்கும் துணைக்கருவி) வாங்க அவசரம் வேண்டாம்: 1.4 மடங்கு கன்வர்ட்டர் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தையும், 2 மடங்கு கன்வர்ட்டர் இரண்டு ஸ்டாப்பையும் தின்றுவிடும். எஃப் 6.3 லென்ஸில் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்) அதைப் போட்டால் பல கேமராக்களில் ஃபோகஸ் தடுமாறும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்தி வலைபோல் மெல்லிய கிளைகள் தெரிந்தால் அது பூஞ்சை, விட்டுவிடுங்கள். ஷட்டர் எண்ணிக்கையை (கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்பதை) கேளுங்கள். உங்கள் கார்டைப் போட்டு நூறு படமாவது எடுத்து, வீட்டுக்குப் போய்ப் பெரிய திரையில் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

3. காகிதங்கள்: இதைச் சலிப்போடு தாண்டாதீர்கள்

புதிய பொருளோ பழைய பொருளோ, ரசீதில் கேமராவின் வரிசை எண்ணும் லென்ஸின் வரிசை எண்ணும் தனித்தனியாக எழுதியிருக்க வேண்டும். பொருளில் உள்ள எண்ணோடு அங்கேயே நின்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாரண்டி உங்கள் நாட்டில் செல்லுமா என்று கேளுங்கள். வேறு நாட்டுச் சந்தைக்கான பொருள் விலை குறைவாகக் கிடைக்கும், ஆனால் பழுதுபார்க்கும் இடத்தில் திருப்பி அனுப்பிவிடலாம்.

ரசீது, வாரண்டி அட்டை, வரிசை எண் மூன்றையும் போனில் படமெடுத்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். பொருள் திருட்டுப் போனால் புகார் எழுதவும், காப்பீடு கேட்கவும், பிற்பாடு விற்கவும் இதுவே ஆதாரம். வீட்டுக் காப்பீடு இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வீட்டுக்கு வெளியே தொலைந்தாலும் உடைந்தாலும் அது பொறுப்பேற்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது அனுமதி. பாதுகாக்கப்பட்ட இடங்கள் பலவற்றில் நுழைவுச் சீட்டு வேறு, கேமராவுக்கான சீட்டு வேறு. வீடியோ, டிரைபாட், வணிக நோக்கத்தில் எடுக்கும் படம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணமோ முன் அனுமதியோ இருக்கலாம். ட்ரோனுக்குப் பெரும்பாலும் தடைதான். ஒருமுறை விடியலுக்கு முன்பே ஒரு சரணாலய வாசலில் போய் நின்றேன். பெரிய லென்ஸுக்கு அலுவலகத்தில் தனியாக முத்திரை வாங்கி வரச் சொன்னார்கள், அலுவலகம் திறந்ததோ வெயில் உச்சிக்கு ஏறத் தொடங்கிய பிறகு. முதல் நாளே ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டிருந்தால் அந்தக் காலை வீணாகியிருக்காது. நுழைவு நேரம், கேமரா விதி, கட்டணம் செலுத்தும் முறை, அடையாள அட்டை அசலாக வேண்டுமா என்று நான்கையும் முன்தினமே கேட்டுவிடுங்கள்.

விமானப் பயணம் என்றால் உதிரி லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும், சரக்குப் பெட்டியில் போடக்கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி உறையில் வையுங்கள். வெளிநாடு போகிறீர்கள் என்றால், கிளம்பும் முன் சுங்கத்தில் வரிசை எண்களைப் பதிந்து சான்று வாங்கும் வசதி உங்கள் ஊர் விமான நிலையத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். திரும்பி வரும்போது "இதை வெளியில் வாங்கினீர்களா?" என்ற கேள்விக்கு அந்தத் தாள்தான் பதில்.

4. கேமரா அமைப்புகள்: ஒரே ஒரு தொகுப்பை மனதில் ஏற்றுங்கள்

தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஷட்டர் வேகத்தைக் குறைவாக வைப்பது, அதாவது ஒரு படத்துக்கு ஒளியை அதிக நேரம் உள்ளே விடுவது. ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறனைக் கூட்டிக் குறைக்கும் எண்) கூடினால் படம் கெட்டுவிடும் என்ற பயம்தான் காரணம். புள்ளிகள் விழுந்த படத்தை மென்பொருளில் ஓரளவு சரிசெய்யலாம். அசைந்து மங்கிப்போன பறவையை எதைக்கொண்டும் மீட்க முடியாது.

மேனுவல் முறையில் (அமைப்புகளை நீங்களே வைக்கும் முறை) வைத்து, ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விடுங்கள். ஷட்டர் வேகம், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி. தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் சின்னப் பறவைக்கு 1/1000-க்கு மேல். பெரிய பறவை மெதுவாக மிதந்து பறந்தால் 1/1250, வேகமாகச் சிறகடித்தால் 1/2000, மிகச் சிறிய வேகப் பறவைக்கு 1/3200. அப்பர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் துளை) உங்கள் லென்ஸ் எவ்வளவு திறக்குமோ அவ்வளவு. ஐஎஸ்ஓவுக்கு 3200 அல்லது 6400 என்று ஓர் உச்ச வரம்பு போட்டுவிடுங்கள்.

ஃபோகஸைத் தொடர் முறையில் வையுங்கள். நிக்கான், சோனியில் அதன் பெயர் ஏஎஃப்-சி, கேனான் டிஎஸ்எல்ஆரில் ஏஐ சர்வோ. புதிய மிரர்லெஸ்களில் பறவையின் கண்ணைத் தானே தேடும் வசதி உண்டு, இருந்தால் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒற்றைப் புள்ளியைக் கண்ணில் வையுங்கள். ஏன் கண்ணில்? 600 மிமீயில், எஃப் 6.3-இல், 10 மீட்டரில் இருக்கும் பறவைக்குத் தெளிவாக விழும் ஆழம் சுமார் 10 சென்டிமீட்டர்தான். இன்னும் நெருங்கினால் இன்னும் குறையும். ஃபோகஸ் நெஞ்சிலோ வாலிலோ விழுந்தால் கண் மங்கிவிடும், கண் மங்கினால் அந்தப் படத்தில் உயிரில்லை.

அப்புறம் எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், அதாவது கேமரா தானாகக் கணித்த வெளிச்சத்தை நாம் கூட்டிக் குறைக்கும் பொத்தான். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் ஆக்கவே முயலும். இருண்ட நீர்ப்பின்னணியில் வெள்ளைக் கொக்கு நின்றால், நீரைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் இறகுகள் வெறும் வெள்ளைக் காகிதமாகிவிடும். அதற்கு −1 அளவில் குறையுங்கள். வெளிறிய வானத்தின் முன்னால் காகமோ பருந்தோ இருந்தால் நேர்மாறாக வெறும் நிழல்தான் கிடைக்கும். அங்கே +1 முதல் +1.5 வரை கூட்டுங்கள். சில பழைய கேமராக்களில் மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்தால் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. அப்போது ஷட்டர் முன்னுரிமை முறைக்கு (ஷட்டர் வேகத்தை நீங்கள் வைக்க, மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்) மாறிக்கொள்ளுங்கள்.

படங்களை ரா வடிவத்தில் (சென்சார் பதிந்ததை அப்படியே சேமிக்கும் கோப்பு) எடுங்கள். கார்டில் வி60 அல்லது வி90 என்ற குறி இருக்கிறதா பாருங்கள், அந்த எண் நொடிக்கு எத்தனை எம்பி தொடர்ந்து எழுதும் என்பதற்கான உறுதி. 24 மெகாபிக்சல் ரா படம் ஒன்று 25 எம்பி என்று வைத்தால், நொடிக்கு 10 படம் எடுக்கும்போதே 250 எம்பி சேர்கிறது. மெதுவான கார்டு போட்டால் சரியாக மீன்கொத்தி நீரில் பாயும் நொடியில் கேமரா நின்றுவிடும். பொத்தானை அழுத்திப் பிடித்தே இருக்காமல், மூன்று நான்கு படங்களாக விட்டு விட்டு எடுங்கள்.

5. எந்த நேரத்தில் போவது

சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே இடத்தில் இருங்கள். உதயத்துக்குப் பிறகான முதல் இரண்டு மணி நேரமும், மறைவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும்தான் உங்கள் வேலை நேரம். ஒளி சாய்வாக விழும், பறவையின் கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி மினுங்கும், பறவைகளும் அப்போதுதான் சுறுசுறுப்பாக இரை தேடும். வெயிலை முதுகில் வாங்கிக்கொண்டு, உங்கள் நிழல் பறவையை நோக்கி விழும்படி நில்லுங்கள்.

வெயில் ஏறிய பிறகு நிலத்திலிருந்தும் நீரிலிருந்தும் சூடான காற்று அலையலையாக எழும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீளமான லென்ஸ் அதைப் பெரிதாக்கிக் காட்டும். என் லென்ஸ் பழுது என்று நினைத்து இரண்டு முறை பழுதுபார்க்கக் கொடுத்தேன். இரண்டு முறையும் குறையில்லை என்று திரும்பி வந்தது. காரணம் இந்தக் கானல்தான். எந்த விலை லென்ஸும் இதை வெல்லாது, இன்னும் நெருங்கினால்தான் உண்டு.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான காலைக் காற்றுக்குக் கேமராவை நேராக எடுத்தால் கண்ணாடியில் பனி படிந்துவிடும். கிளம்பும் முன்பே பையை மூடியபடி வெளியில் அரை மணி நேரம் வைத்துவிடுங்கள்.

6. நெருங்குவது

இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

பறவையை நோக்கி நேராக நடக்காதீர்கள், அது வேட்டைக்காரனின் நடை. குறுக்கும் நெடுக்குமாக, வேறெங்கோ போவதுபோல் போங்கள். முறைத்துப் பார்க்காதீர்கள். பத்து அடி நடந்து, இரண்டு நிமிடம் நின்று, மறுபடி பத்து அடி. பறவை இரை தின்பதை நிறுத்தித் தலையை நிமிர்த்தினால், கழுத்தை நீட்டினால், எச்சரிக்கைக் குரல் கொடுத்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மறுபடி குனிந்து மேய ஆரம்பிக்கும்வரை அசையக்கூடாது. ஆரம்பிக்கவே இல்லை என்றால் இரண்டடி பின்வாங்குங்கள்.

இதைவிட நல்ல வழி நெருங்காமலே இருப்பது. நோட்டில் குறித்த அந்தக் கிளை நினைவிருக்கிறதா? பறவை வருவதற்கு முன்பே அதன் எதிரில் உட்கார்ந்துவிடுங்கள். ஆடையின் நிறம் மங்கலாக இருந்தால் நல்லது, ஆனால் நிறத்தைவிடப் பறவையைக் கலைப்பது அசைவுதான். கேமராவை முன்பே முகத்தருகே உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். வாகனம் போகும் இடமென்றால் உள்ளேயே உட்கார்ந்து, எஞ்சினை அணைத்து, ஜன்னலில் பீன்பேக் (கேமராவைத் தாங்க வைக்கும் சிறு பை) வைத்து எடுக்கலாம். மனிதன் நடந்து வந்தால் பறந்துவிடும் பறவைகள் பலவும் நிற்கும் வாகனத்தைப் பொருட்படுத்துவதில்லை.

இருபது முப்பது நிமிடம் அசையாமல் இருந்தால் பறவைகள் உங்களை ஒரு கல்லாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். முதல் முறை ஒரு மீன்கொத்தி என்னிடமிருந்து ஆறு மீட்டரில் தானே வந்து உட்கார்ந்தபோது, ஷட்டரை அழுத்தவே எனக்குச் சில நொடி தோன்றவில்லை.

அப்புறம், தாழ்ந்து எடுங்கள். நின்றபடி கீழே குனிந்து எடுத்தால் பின்னணியில் தரைதான் தெரியும். பறவையின் கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால், முழங்காலில் நின்றோ குப்புறப் படுத்தோ, பின்னணி வெகுதூரம் போய் மென்மையாகக் கரைந்துவிடும். எந்த லென்ஸ் மாற்றமும் என் படங்களை இந்த அளவுக்கு மாற்றியதில்லை.

7. பறக்கும் பறவை

இதை மூன்றாவது மாதத்துக்குத் தள்ளுங்கள். புறா, வாத்து, காகம் போன்ற பெரிய, எளிதில் கிடைக்கும் பறவைகளில் பழகுங்கள். தகைவிலான் (வேகமாகத் திரும்பித் திரும்பிப் பறக்கும் சின்னப் பறவை) வேண்டாம், மனம் ஒடிந்துவிடும்.

பறவைகள் காற்றை எதிர்த்தே மேலெழும். ஆகவே காற்றும் வெயிலும் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும் நாளில் அவை உங்களை நோக்கி, முகத்தில் ஒளியோடு எழும். கிளம்பப் போகும் பறவை முன்னால் சாயும், உடலைத் தாழ்த்தும், பெரும்பாலும் எச்சமிடும். அதைக் கண்டதும் ஷட்டர் வேகத்தை ஏற்றி, ஜூமைச் சற்றுக் குறைத்து, சிறகு விரிய இடம் விடுங்கள். மின்னணு ஷட்டரில் சில கேமராக்கள் சிறகை வளைத்துக் காட்டும், அப்படி இருந்தால் இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள்.

8. எடுக்கக் கூடாத படங்கள்

கூட்டை எடுக்காதீர்கள். ஒருமுறை கூட்டுக்கு எதிரில் நின்றிருந்தேன். தாய்ப்பறவை வாயில் புழுவோடு பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது, கூட்டுக்குள் போகவில்லை. இருபது நிமிடம் கழித்துத்தான் அது எனக்காகக் காத்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. அத்தனை நேரம் குஞ்சுகள் பசியோடு இருந்தன. அந்தப் படங்களை நான் வைத்துக்கொள்ளவில்லை. நீங்கள் நிற்கும் இடத்தைப் பார்த்தே காகமும் பூனையும் கூட்டைக் கண்டுபிடிக்கும். மறைக்கும் இலையை ஒடித்தால் குஞ்சுகள் வெயிலில் வாடும்.

பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி வந்துவிட்டான் என்று அது இரையை விட்டுவிட்டு அலையும். இரவில் ஆந்தையின் கண்ணில் ஃப்ளாஷ் அடிக்காதீர்கள். அரிய பறவையின் படத்தை வெளியிடும் முன் அதிலுள்ள ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிடுங்கள்.

9. வீடு திரும்பிய பிறகு

அன்றே வடிகட்டுங்கள், தள்ளிப்போட்டால் பத்தாயிரமாகச் சேர்ந்துவிடும். முதல் சுற்றில் கண் தெளிவாக இல்லாதவை எல்லாம் போகட்டும். இரண்டாம் சுற்றில் ஒரே மாதிரி இருப்பவற்றில் ஒன்றை மட்டும் வையுங்கள். 500 படம் எடுத்து 10 மிஞ்சினால் அது நல்ல காலை. வெட்டிப் பெரிதாக்குவதில் தயக்கம் வேண்டாம்: 6000x4000 அளவுள்ள படத்தைப் பாதி அகலத்துக்கு வெட்டினாலும் 3000x2000 மிஞ்சும், திரைக்கும் சிறிய அச்சுக்கும் அது தாராளம்.

படங்கள் இரண்டு டிஸ்கில் ஏறிவிட்டன, இரண்டிலும் திறந்து பார்த்தாயிற்று என்ற பிறகே கார்டை அழியுங்கள், அதையும் கேமராவுக்குள்ளேயே ஃபார்மேட் செய்யுங்கள். பேட்டரிகளை அன்றிரவே சார்ஜில் போடுங்கள். நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாக அலாரம் வையுங்கள்.